வேலையில் சேர்ந்த திகதி

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

காலையிலேயே கினிகத்தேனையிலிருந்து பேக்கரிக்காரர் வந்துவிட்டார். ஆட்கள் வேலைக்கு வந்த நாளைக் குறிக்கும் வரவு இடாப்பைக் கொண்டு வாருங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். மனிதர் போனில் ஒரு சுவரைப் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். மா மூட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவர். அதில் கரித்துண்டால் வரிசை வரிசையாகக் கோடு இழுத்திருக்கிறது. "இதுதாங்க இடாப்பு. வெள்ளையடிக்கிறப்ப மட்டும் அழிஞ்சிரும்" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அடுத்த வெள்ளையடிப்புக்கு முன்னால் கொப்பியில் ஏற்றிவிடச் சொல்லி, கொப்பிக்கும் நானே கோடு போட்டுக் கொடுத்தேன்.

இதுதான் இப்போது என் பிழைப்பு. ஹட்டன் பஜாரில் பாமசிக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். சின்னக் கடைகள் தொழில் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நியமனக் கடிதம், வரவு இடாப்பு, லீவுப் பதிவு எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பேன். இருபது வருஷம் அரசாங்கத் தொழில் கந்தோரில் கிளார்க்காக இருந்துவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அப்போது என்னைக் கண்டால் கடைக்காரர்கள் ஒளிவார்கள். இப்போது படியேறித் தேடி வருகிறார்கள்.

மத்தியானம் பிரதீபன் பேசினான். கந்தப்பன் முதலாளியின் மகன். "நாகு அக்கா, அடுத்த மாசம் பஜார் முழுக்க இன்ஸ்பெக்ஷன் வர்றாங்களாம். நம்ம கடைக்கும் எல்லாம் செஞ்சு தரணும்" என்றான்.

நம்ம கடை. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதிலேயே இருந்தது.

பெப்ரவரி 19, புதன்

எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். நாற்பத்தேழு வயதில் இது என்ன கூத்து?

பெப்ரவரி 21, வெள்ளி

இருபத்திமூன்று வருஷத்துக்குப் பிறகு கந்தப்பன் முதலாளியின் புடவைக் கடைக் கவுண்டரைத் தாண்டி உள்ளே போனேன். வாசலில் நின்று பேசியது எத்தனையோ தடவை, சேலை எடுத்ததும் உண்டு. உள்ளே போனது இன்றைக்குத்தான்.

அதே வாசனை. கஞ்சி போட்ட புதுத்துணியும் சாம்பிராணியும் மழை ஈரமும் கலந்த வாசனை. தொண்ணூற்றாறில் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்து வேலைக்குச் சேர்ந்தேன். பதினெட்டு வயது. ஆறு வருஷம் இங்கேதான் வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பெண்கள். பொப்லின் துணியை நுனியில் சின்னதாக வெட்டி ஒரே இழுப்பில் கிழிக்க வேண்டும். அந்தச் சத்தம் நேராக வந்தால் துணி நேராகக் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். என் சத்தம் முதல் மாதம் முழுக்கக் கோணல்.

தீபாவளி வாரத்தில் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்து லயம் லயமாக இறங்கி வருவார்கள். வாசலில் நனைந்த குடைகள் குவியும். எங்களுக்கு முன்பே அங்கே வேலைக்கு இருந்த வீரய்யா அண்ணன் ஏணி உச்சியில் நின்றுகொண்டு, "புடி நாகு!" என்று துணிச் சுருளை எறிவார். நான் பிடிப்பேன். ஒரு தடவை பிடிக்கத் தவறி, சுருள் ஒரு கங்காணியின் தலையில் விழுந்தது. அவர் கோபித்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். "மாமா, அந்தத் துணிதான் ஒங்களத் தேடி வந்துச்சு, விட்டுட்டுப் போறீங்களே" என்றார் அண்ணன். கங்காணி அதிலேயே நான்கு யார் துணி வாங்கிப் போனார்! எந்த வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு என்ன நிறம் எடுத்தாள் என்பது அண்ணனுக்கு அத்துப்படி. "ஒங்க மூத்தவளுக்கு மாம்பழக் கலர், சின்னவளுக்கு அதே வேணாங்க, சண்ட வரும்" என்பார். சந்தோஷமான நாட்கள். வேறு எப்படிச் சொல்வது?

இன்றைக்கும் முதலாளி காசு மேசையில்தான் இருந்தார். எழுபத்துநாலு வயது. என்னைப் பார்த்ததும், ஏதோ சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள் திரும்பி வந்த மாதிரி, "வந்துட்டியா புள்ள" என்றார். அண்ணன் ஏணியில் இருந்தார். ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "பெரிய ஆபீசர் வந்திருக்காங்க, எல்லாரும் நேரா நில்லுங்க" என்று கேலி பண்ணினார்.

பெப்ரவரி 27, வியாழன்

கடிதங்களை அடித்து முடித்தேன். மொத்தம் ஐந்து பேர். மூன்று பெண்கள், தையல் மெஷினில் இருக்கும் ஒருவர், வீரய்யா அண்ணன். மற்ற நால்வரும் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்தவர்கள். ஒருவருக்கும் இதுவரை நியமனக் கடிதம் கிடையாது.

முதலாளிக்குக் கடிதமே பிடிக்கவில்லை. "பெத்த புள்ளைக்கு யாராச்சும் லெட்டர் குடுப்பாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிரதீபன் அவரைச் சமாளித்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் மார்ச் ஒண்ணுன்னே போட்டுருங்க அக்கா. பழைய தேதி போட்டா சேமலாப நிதிக்குக் கட்டாத காச அவ்வளவு வருசத்துக்கும் கேப்பாங்க. கடை தாங்காது" என்றான்.

புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பஜாரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானே பதினொரு கடைக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன். பழையது பழையதாகப் போகட்டும், இனியாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருக்கிறேன்.

பெயர்: வீரய்யா. பதவி: விற்பனை உதவியாளர். சேர்ந்த திகதி என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு 2025.03.01 என்று அடித்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கடிதம் கொடுத்தாயிற்று. வெறுங்கையால் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று முதலாளி வெற்றிலைத் தட்டில் வைத்து, விளக்கேற்றிக் கொடுத்தார். முதலாளியம்மா சீதாலெட்சுமி மாடியிலிருந்து கற்கண்டு கொண்டுவந்தார். பெண்கள் மூவரும் தங்கள் பெயரைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

வீரய்யா அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். ஏந்தி நின்று மெதுவாக வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரிங்க முதலாளி" என்றார். அவ்வளவுதான். கேலி இல்லை, சிரிப்பும் இல்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

அண்ணன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லையாம். போனும் எடுக்கவில்லை. "காய்ச்சலா இருக்கும். ஆனா காய்ச்சலோடயும் வர்றவனாச்சே" என்றார் முதலாளி.

மார்ச் 8, சனி

டிக்கோயாவுக்குப் போனேன். அண்ணனின் லயம் நான் பிறந்த லயத்துக்கு இரண்டு மேடு தள்ளி. அந்தப் பாதையில் கால் தானாகவே நடக்கிறது. பீலியில் பெண்கள் குளித்த இடம், நாங்கள் ஒளிந்து விளையாடிய சவுக்கு மரங்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனதில் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அண்ணன் காய்ச்சலில் இல்லை. பின்பக்கத் தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேலாயி அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, "பத்துச்சீட்டு குடுத்தது பத்தாதுன்னு பாக்க வேற வந்தியா?" என்று கேட்டார்.

பத்துச்சீட்டு! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷமாகிறது. தோட்டத்தில் ஆளை வேலையிலிருந்து நீக்கும்போது தொரை கொடுக்கும் கடிதம். அது கைக்கு வந்தால் வேலையும் போச்சு, லயக் காம்பராவும் போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு மறைக்கக் கூடாது.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எழுபத்தஞ்சுல அப்பாவ ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. அப்ப நாங்க வட்டகொடப் பக்கம் ஒரு தோட்டத்துல. ஒரு காயிதம் குடுத்தாங்க. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கூர தகரம் மாத்தித் தாறதுக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சிரிச்சிக்கிட்டே கொண்டாந்தாரு. லயத்துல ஒருத்தரு வாசிச்சுச் சொன்னாரு. எனக்கு எட்டு வயசு. அடுத்த நாளு சட்டி முட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தோம்" என்றார். "முப்பத்திநாலு வருசத்துல முதலாளி எனக்கு ஒரு துண்டுக் காயிதம் குடுத்ததில்ல, நாகு. இப்ப தட்டுல வச்சிக் குடுக்குறாரு."

"அண்ணே, இது அதுக்கு நேர் எதிர். இது வேலைக்கு எடுக்கிற கடிதம்" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து விரித்தார். "எடுத்தது எப்பன்னு போட்டிருக்கு?"

"மார்ச் ஒண்ணு."

"அப்ப பெப்ரவரி வரைக்கும் அங்க நின்னவன் யாரு?"

வேலாயி அக்கா உள்ளே போய்விட்டார். அண்ணன் தப்பாக விளங்கிக்கொண்டார் என்று நினைத்துத்தான் நான் சிரித்தேன். அவர் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். முப்பத்துநாலு வருஷத்தையும் முடித்து அனுப்பிவிட்டு, முந்தாநாள் வந்த புது ஆள் ஒருவரை எடுத்திருக்கிறோம். அந்தப் பத்துச்சீட்டை அடித்தவள் நான்.

"கந்தோருல சொல்லுங்கண்ணே. முறைப்பாடு எழுதித் தாறேன்" என்றேன்.

"முதலாளி மேல பெட்டிசனா? செய்ய மாட்டேன். ஆனா மார்ச் ஒண்ணுல சேந்த அந்த ஆளா நான் அங்க போயி நிக்கவும் மாட்டேன்."

மார்ச் 9, ஞாயிறு

ஒரு விஷயத்தை இந்தக் கொப்பியில்கூட இதுவரை எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2009-இல் கந்தோரில் ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். ஆட்களைப் பதிவு செய்யாத கடைகள், தெருத் தெருவாக. பஜார் என் பொறுப்பு. ஒவ்வொரு வாசலாக நடந்து பெயர் எழுதினேன். கந்தப்பன் முதலாளியின் கடை வாசலில் முதலாளியம்மா என்னைக் கண்டு, "வா நாகு, பிளேன்டி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். வீரய்யா அண்ணன் கதை சொன்னார். சிரித்தேன். அடுத்த கடைக்கு நடந்தேன். பட்டியலில் அந்தக் கடையின் பெயர் இல்லை.

நன்றிக்கடன் என்று அப்போது நினைத்தேன். கடை என்னைக் காப்பாற்றியது, நான் கடையைக் காப்பாற்றினேன் என்று. அன்றைக்கு எழுதியிருந்தால் அண்ணனுக்குப் பதினாறு வருஷமாவது பதிவில் இருந்திருக்கும். கதை சொல்லிச் சிரிக்க வைத்த மனிதருக்கு நான் செய்த கைம்மாறு இது.

ஏன் என் ஆறு வருஷமும் இவ்வளவு இனிப்பாக இருக்கிறது? எனக்குப் பரீட்சை பாஸாகி வெளியே போக ஒரு வழி இருந்தது. அதனாலா?

மார்ச் 11, செவ்வாய்

கடை மாடியில் இருக்கும் வீட்டுக்கே போய் முதலாளியிடம் பேசினேன். பிரதீபனும் இருந்தான்.

"வீரய்யா அண்ணன் எப்ப வந்தாருன்னு ஒங்களுக்கு நெனப்பிருக்கா முதலாளி?"

"நெனப்பில்லாம? தொண்ணூத்தி ஒண்ணு, ஆனி மாசம். ஸ்டேசன்ல இருந்து துணிப் பேல் தூக்கிட்டு வந்தான். கொட்டு கொட்டுன்னு மழை. மழை விட்டதும் போன்னு சொன்னேன்." சிரித்தார். "மழை விடவே இல்ல."

முதலாளியம்மா அலுமாரியிலிருந்து ஒரு பழைய அல்பத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுக் கடை ஆட்களை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். தொண்ணூற்றொன்றில் அண்ணன் ஓரத்தில் ஒல்லியாக, இரவல் சட்டையில். தொண்ணூற்றாறில் நான், இரட்டைப் பின்னலோடு, என்னவோ உலகத்தையே வாங்கிவிட்ட சிரிப்பு. எங்களோடு இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது கட்டாரில், இன்னொருத்தி செத்துப்போனாள். பக்கத்தைப் புரட்ட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளியும்தான். கொஞ்ச நேரம் நாங்கள் நால்வரும் சண்டைக்காரர்களே இல்லை.

பிறகு சொன்னேன். "அந்தத் தேதியக் கடிதத்துல போடுவோம் முதலாளி. தவணை முறையில கட்டலாம். நான் கந்தோர்ல பேசுறேன்."

பிரதீபன் எழுந்துவிட்டான். "அக்கா, ஒங்கள வேலைய முடிச்சுத் தரத்தான் கூப்பிட்டது. புது வேல இழுத்து விட இல்ல."

"தம்பி, ரெண்டாயிரத்தி ஒம்பதுல இந்தக் கடை பேர நான் லிஸ்ட்ல எழுதல்ல. தெரிஞ்சே விட்டேன்."

முதலாளி என் தலையைத் தொடுகிற மாதிரி கையை நீட்டினார். "அது நீ எனக்குச் செஞ்ச நல்லது புள்ள."

"வீரய்யா அண்ணனுக்குச் செஞ்ச கெடுதி முதலாளி."

கை பாதியில் நின்றது. "கடை இப்ப பிரதீபன் கையில. அவன் சொல்றபடி செய்" என்று மட்டும் சொன்னார். முதலாளியம்மா அல்பத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 14, வெள்ளி

சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டத்தில் ஹட்டன் பொங்கி வழிகிறது. ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் மட்டும் முதலாளியின் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்ஸ்பெக்ஷன். ஃபைலைக் காட்ட நானும் போக வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். விட்டால் இன்னொருவர் இதே திகதியோடு காட்டுவார், அவ்வளவுதான்.

வந்தது ஒரு இளம் உத்தியோகத்தர், சிங்களப் பெண். பொறுமையாக ஒவ்வொரு கடிதமாகப் பார்த்தார். "வீரய்யா எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். சுகமில்லை என்றான் பிரதீபன். "இந்த மாதம்தான் சேர்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டா?" என்று கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபது வருஷம் அதில்தானே பழக்கம். ஆனால் ஏணி சும்மா சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்லிவிட்டேன்: "மிஸ், அந்தத் திகதி பிழை. அடித்தது நான். தொண்ணூற்றாறில் நான் இந்தக் கடையில் வேலைக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னாலேயே இருந்தார். எழுத்தில் தருகிறேன்."

பிரதீபனின் முகம் செத்துவிட்டது. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினார். "முதலாளி, இவர் சொல்வது உண்மையா?"

முதலாளி பொய் சொல்லியிருந்தால் என் சொல்லுக்கு எதிராக அவர் சொல், அவ்வளவோடு முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு விளங்கும்படி சிங்களத்தில், நிறுத்தி நிறுத்தி, "தொண்ணூற்றொன்று ஜூன் பத்தொன்பது. புதன்கிழமை" என்றார்.

நாளும் கிழமையும்கூட. இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது நான் "வாறேன் முதலாளி" என்றேன். அவர் பில் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

மார்ச் 27, வியாழன்

வேலாயி அக்கா போன் பண்ணினார். முதலாளி நேற்று ஆட்டோ பிடித்து லயத்துக்கே வந்தாராம். மேட்டில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். முதலாளி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புதுக் கடிதத்தைக் கொடுத்தாராம். இந்தத் தடவை தட்டும் இல்லை, விளக்கும் இல்லை. திகதியைப் பேனாவால் அவர் கையாலேயே எழுதியிருந்தாராம்.

"அண்ணே என்ன சொன்னாரு அக்கா?"

"நாளைக்கு எத்தன மணிக்குக் கடை தொறக்கணும்னு கேட்டாரு. முப்பத்திநாலு வருசமா தொறக்குற மனுசன்!" என்று வேலாயி அக்கா சிரித்தார். நான் போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருஷப் பிறப்பு. கோயிலில் முதலாளி குடும்பத்தைக் கண்டேன். முதலாளியம்மா தலையசைத்தார். முதலாளி சாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டு விஷயத்தை வெளி ஆளுக்கு முன்னால் சொல்லிவிட்டேன் என்று கோபமாம். வீட்டுக்குள் சொன்னேனே, யார் கேட்டீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கோயிலில் எதற்கு?

அந்தக் காலத்தில் வருஷப் பிறப்பன்று கடை ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று முதலாளியின் கையால் கைவிசேஷம் வாங்குவோம். வெற்றிலையில் மடித்த ஒரு நாணயம். இன்றைக்கு அந்த வரிசையைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் முதல் ஆள்.

மே 6, செவ்வாய்

மூன்று கடைக்காரர்கள் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாகலெட்சுமியிடம் கொடுத்தால் இருக்கிறதையும் இல்லாததையும் சொல்லி மாட்டிவிடுவாள் என்று பேச்சாம். இருக்கிறதை மட்டும்தானே சொன்னேன்!

பேக்கரிக்காரர் மட்டும் விடாமல் வருகிறார். கொப்பியைக் கொண்டுவந்தார். அழகாக எழுதியிருக்கிறார், சுவரையும் அழிக்கவில்லையாம். மற்றப் பதினொரு கடைகளின் கடிதங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சரியான திகதியைக் கேட்க வேண்டும். இன்னும் எத்தனை பேர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களோ.

ஜூன் 24, செவ்வாய்

வீரய்யா அண்ணன் என் மேல்மாடி அறைக்கு ஏறி வந்தார். குடையை வாசலில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

"லீவு லெட்டர் எப்புடி எழுதுறது நாகு?"

முப்பத்துநாலு வருஷத்தில் அவர் முதல் தடவையாக எழுதப் போகும் லீவுக் கடிதம். நான் தாளை எடுத்தேன். எத்தனை நாள்? மூன்று. எந்தத் திகதி? ஜூலை எட்டு, ஒன்பது, பத்து.

"காரணம்?"

அண்ணன் பயந்துபோனார். "காரணம் சொல்லணுமா?"

"வருடாந்த லீவுக்குத் தேவையில்ல. அது ஒங்க உரிமை. சும்மா கேட்டேன்."

"அதேதான். சும்மா" என்றார். "காலைல எந்திரிச்சி, போக வேணாம்னு தெரிஞ்சிக்கிட்டு மறுபடி படுக்கணும். அது எப்புடி இருக்கும்னு பாக்கணும்."

ஜூலை 9, புதன்

விடாத மழை. ரோட்டில் பனிமூட்டம், பஸ்கள் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு வருகின்றன. மூன்று மணி போல, வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்தத் தெரு வழியாகவே வந்தேன். சுற்றிப் போக மழை விடவில்லை.

"புள்ள!"

முதலாளியின் குரல். மூன்றரை மாதத்துக்குப் பிறகு.

பிரதீபன் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறான். பெண்கள் மூவரும் ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் ஒரு கல்யாணமாம், ஒரு லயமே கடைக்குள் நிற்கிறது. காசு மேசையில் தன்னைத் தவிர வீரய்யா அண்ணனை மட்டும்தான் முதலாளி உட்கார விடுவார், அது எந்தக் காலத்திலும் அப்படித்தான். அண்ணனுக்கு இன்றைக்கு லீவு.

"கொஞ்சம் இதுல இரு. ரெண்டு வாய் சாப்புட்டுக்கிறேன். காலைல இருந்து எந்திரிக்க ஏலல்ல" என்றார்.

ஆறு வருஷம் வேலை செய்த கடையில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மாடியிலிருந்து வந்து ஆறிப்போன சோற்றுப் பார்சலை மடியில் வைத்துப் பிரித்தார். நான்கு பேருக்குப் பில் போட்டேன். ஒரு அம்மா என்னை யார் என்று கேட்டார். "நம்ம கடப் புள்ளதான்" என்றார் முதலாளி, வாயில் சோற்றோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து சில்லறை எண்ணுவது போல இருந்துகொண்டேன்.

இரண்டாவது பிடியிலோ மூன்றாவது பிடியிலோ அவர் கை நின்றது.

"ஏன் புள்ள, இத்தன வருசமா வீரய்யா எப்பத்தான் சாப்புட்டான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தெரியும் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டரைக்கு எங்களை இரண்டு பேராக மாடிக்கு அனுப்புவார்கள். நாங்கள் இறங்கியதும் முதலாளி போவார், அவர் வரும்வரை அண்ணன் காசு மேசையைப் பார்ப்பார். முதலாளி ஒரு தூக்கம் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவார். அதற்குள் பின்னேரக் கூட்டம் தொடங்கிவிடும். அப்போது அண்ணன் ஏணியில் இருப்பார். அதற்குப் பிறகு பேல் பிரிப்பார். அதற்குப் பிறகு கடை பூட்டுவார். என்னிடம் உள்ள ஞாபகம் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார், கேலி பண்ணுகிறார், எங்களைச் சிரிக்க வைக்கிறார். கையில் ஒரு தட்டோடு அவரை நான் ஒரு நாள்கூடக் கண்டதில்லை.

"தெரியலங்க முதலாளி" என்றேன்.

அவர் பார்சலை மெதுவாக மடித்து மூடினார்.